நாடி மெதுவாகிறதா, தலையைப் பாருங்கள்

இரவு 10 மணி: குருதியமுக்கம் 128/76, நாடி 92.
11 மணி: 142/78, நாடி 80.
12 மணி: 164/80, நாடி 64.
1 மணி: 188/82, நாடி 52.

தலையில் அடிபட்டு வார்ட்டில் கிடக்கும் ஒருவரின் அவதானிப்பு அட்டையில் இந்த நாலு வரியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரிக்கு எழுதிய எண்கள்தான். ஆனால் இரவுக் கடமை செய்த எவருக்கும் இந்த வடிவம் புதிதாக இராது. ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியே ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். 92 என்றால் வலியும் பயமும். 80 என்றால் ஆள் கொஞ்சம் ஆறியிருக்கிறார். 64 என்றால் நித்திரை. 188 என்றால், "அவருக்கு முந்தியே பிறஷர் இருந்ததாம்." நாலு சமாதானமும் சேர்ந்தால் ஒரு உயிர் போகும்.

அட்டையைக் குறுக்காக வாசிக்காமல் மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். மேல் அமுக்கத்தில் இருந்து கீழ் அமுக்கத்தைக் கழித்தால் 52, 64, 84, 106. இடைவெளி மணிக்கு மணி விரிகிறது, அதே வேகத்தில் நாடி இறங்குகிறது. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. மண்டைக்குள் அமுக்கம் ஏறுகிறது, இதயத்தின் கடிவாளம் இழுபடுகிறது, அவ்வளவுதான்.

ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை வைத்தியர் 1901 ஆம் ஆண்டளவில் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் நாய்களின் மண்டைக்குள் உப்புநீரை அமுக்கத்தோடு ஏற்றி இதைப் பார்த்தார். உள்ளே அமுக்கம் ஏற ஏற, அதற்கு ஒரு படி மேலேயே நிற்பதற்காக உடலின் குருதியமுக்கமும் ஏறிக்கொண்டே போனது. குருதியமுக்கம் ஏறுதல், நாடி தளர்தல், மூச்சு ஒழுங்கு கெடுதல் ஆகிய மூன்றுக்கும் இன்றைக்கும் அவருடைய பெயர்தான். மூன்றும் ஒன்றாகத் தெரியும்வரை காத்திருக்கலாம் என்று யாராவது படித்திருந்தால் அதை மறந்துவிடுவது நல்லது. மூச்சும் கெட்டுவிட்டது என்றால் மூளைத்தண்டு ஏற்கெனவே நசியத் தொடங்கிவிட்டது. 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் பிடித்தால்தான் பிடித்தது.

ஏன் இப்படி நடக்கிறது? வளர்ந்தவரின் மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே மூளை ஏறக்குறைய 1400 மில்லிலீற்றர், குருதி 150, மூளையையும் முண்ணாணையும் சுற்றி நிற்கும் நீரான மூளைய முண்ணாண் பாய்பொருள் 150. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். ஒரு குருதிக்கட்டி வளரும்போது முதலில் பாய்பொருள் முண்ணாண் பக்கம் ஒதுங்கி இடம் கொடுக்கும், பிறகு நாளக் குருதி ஒதுங்கும். அந்த இடமும் முடிந்த பிறகு கட்டி இன்னும் 5 மில்லிலீற்றர் வளர்ந்தாலே அமுக்கம் தாவி ஏறும். அதனால்தான் சி.ரி. ஸ்கான் எடுக்கும்போது கதைத்துக்கொண்டிருந்தவர் திரும்பி வார்ட்டுக்கு வரும்போது கதைப்பதில்லை.

மூளைக்குக் குருதி போவதற்கு வேண்டிய தள்ளுவிசை, சராசரிக் குருதியமுக்கத்தில் இருந்து மண்டைக்குள் அமுக்கத்தைக் கழித்து வருவது. சராசரி என்பது கீழ் எண்ணுடன், இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுவது. 10 மணிக்கு 76 உடன் 17 சேர்ந்து 93. மண்டைக்குள் 12 இருந்தால் தள்ளுவிசை 81, தாராளம். 1 மணிக்கு 82 உடன் 35 சேர்ந்து 117. மண்டைக்குள் 50 ஆகியிருந்தாலும் தள்ளுவிசை 67. கடுமையான தலைக்காயத்தில் 60 முதல் 70 வரை வைத்திருக்கச் சொல்வதே வழக்கம். ஆக, உடல் தானாகவே சரியான இடத்துக்குக் கணக்கைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இப்போது ஒருவர் 188 ஐப் பார்த்துப் பதறி மருந்து கொடுத்து 130/70 க்கு இறக்குகிறார் என்று வையுங்கள். சராசரி 90. மண்டைக்குள் அதே 50. தள்ளுவிசை 40. அட்டையில் எண் அழகாகிவிட்டது, மூளைக்குக் குருதி இல்லை. முந்திய காலத்தில் நிபெடிபினை நாக்குக்குக் கீழே வைத்து அமுக்கத்தைத் தடாலென்று விழுத்தும் பழக்கம் இருந்தது. அதைக் கைவிடச் சொன்னதற்கு இந்தக் கழித்தலும் ஒரு காரணம். குழாய் அடைத்து வரும் பாரிசவாதத்திலும் இதே நியாயம்தான். "பிறஷர் 200 எண்டு காட்டுது, ஏன் இன்னும் குளிசை குடுக்கேல்லை?" என்று வீட்டுக்காரர் கேட்பார்கள். கட்டி கரைக்கும் மருந்து கொடுக்காதவரில் 220/120 வரை முதல் நாளில் தொடாமல் விடுவதுதான் முறை. கரைக்கும் மருந்து கொடுப்பதானால் அதற்கு முன் 185/110 க்குக் கீழே வர வேண்டும். மூளைக்குள்ளேயே குருதி கசிந்தவரில் மேல் எண்ணை 140 அளவுக்குக் கொண்டுவருவார்கள், அதையும் ஆறுதலாகத்தான். நோய்க்கு நோய் எண் மாறும்.

நாடி 52 க்கும் இதே கதைதான். அற்றோபின் கொடுத்தால் நாடி ஏறும், அட்டை மீண்டும் அழகாகும், உள்ளே ஒன்றும் மாறாது. நாடி அவ்வளவு இறங்கிக் குருதியமுக்கமும் விழுந்தால் அது வேறு கட்டம், அப்போது கொடுக்கத்தான் வேண்டும். அமுக்கம் உச்சத்தில் நிற்கும்போது மருந்து தலைக்குத்தான்.

தலைக்கு மருந்து என்றவுடன் எல்லோரும் மூளை வீக்கத்தைக் குறைக்கும் மனிற்றோல் போத்தலைத் தேடுவார்கள். அதற்கு முன் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியவை உண்டு. கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு உயர்த்துங்கள். கழுத்தை நேராக வையுங்கள், மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில். கழுத்துப் பட்டியையும், மூச்சுக்குழாயைக் கட்டிய நாடாவையும் பாருங்கள். விரல் நுழையாத இறுக்கம் என்றால் கழுத்து நாளம் நசிந்து குருதி தலையில் இருந்து இறங்காமல் தேங்கும். மூச்சுப்பையை அமுக்குபவர் பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 தரம் அமுக்குவார். காபனீரொட்சைட்டு விழுந்து மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கிவிடும். ஆறு செக்கனுக்கு ஒருமுறை போதும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதுவே அமுக்கத்தை ஏற்றும். மனிற்றோல் கொடுத்தால் சிறுநீர் கொட்டும் என்பதால் குழாய் போடாமல் அதைத் தொடங்கக் கூடாது. அளவு கிலோவுக்கு 0.25 முதல் 1 கிராம். 60 கிலோ ஆளுக்கு 0.5 கிராம் கணக்கில் 30 கிராம், அதாவது 20 வீதக் கரைசலில் 150 மில்லிலீற்றர், 15 முதல் 20 நிமிடத்தில் போக வேண்டும். சொட்டுச்சொட்டாய் நாலு மணித்தியாலம் போட்டால் பயன் இல்லை. குருதியமுக்கம் குறைந்திருப்பவருக்கு மனிற்றோலை விட 3 வீத உப்புக் கரைசல் பாதுகாப்பு.

இவை எல்லாம் நேரம் வாங்குவதற்கு மட்டும். கட்டியை எடுப்பது தியேட்டரில். யாழ்ப்பாணத்தின் நிலக்கணக்கைப் பார்த்தால் இந்த வாங்கிய நேரத்துக்கு விலை அதிகம். பருத்தித்துறையில் இருந்தோ ஊர்காவற்றுறையில் இருந்தோ யாழ் போதனா வைத்தியசாலைக்கு றோட்டுப் பயணம். நெடுந்தீவு என்றால் முதலில் குறிகட்டுவானுக்குக் கடல். 2018 இல் 1990 அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்த பிறகு றோட்டுப் பகுதி மாறிவிட்டது, கடல் மாறவில்லை. அனுப்பும் கடிதத்தில் "தலைக்காயம், பிறஷர் கூட" என்று எழுதாமல், நேரத்தோடு குருதியமுக்கம், நாடி, சுயநினைவின் அளவைக் காட்டும் கிளாஸ்கோ எண், இரு கண்மணிகளின் அளவு என்று ஒரு நிரலாக எழுதினால் வாங்குபவர் கடிதத்தைப் பார்த்தே தியேட்டரை அழைப்பார்.

இனி வயறிங் எப்படி என்பதற்கு வருவோம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் பரிவு, பரபரிவு என்ற சொற்கள் நினைவிருக்கும். துடிப்பைத் தொடக்கிவைக்கும், இதயத்தின் குடாச்சோணைக் கணுவை எந்த நரம்பும் தொடாமல் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தரம் அடிக்கும். நாங்கள் கதிரையில் இருக்கும்போது 70 அடிப்பது, வேகஸ் நரம்பு என்னும் பரபரிவுக் கடிவாளம் எப்போதும் இழுத்துப் பிடித்திருப்பதால். வேகஸ் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான நீள்வளைய மையவிழையத்தில் இருந்து நேரே இறங்குகிறது, அதன் பிடி ஒரே துடிப்புக்குள் தெரியும். இதயத்தை விரட்டும் சாட்டையான பரிவு நரம்பு முண்ணாணுக்குள் இறங்கி, நெஞ்சுப் பகுதியின் மேல் நாலைந்து துண்டங்களில் வெளியே வந்து, கழுத்தடி முடிச்சுகளைத் தாண்டி இதயத்துக்குப் போகும். அது வேலை காட்டச் சில செக்கன் எடுக்கும், உச்சத்துக்குப் போக அரை நிமிடம் மட்டில். இந்த வேக வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் மேலே பரிவகக்கீழும், மூளியப் பட்டையில் இன்சுலா என்ற மடிப்பும் இருக்கின்றன. காதுக்கு மேலே, பக்க மடிப்புக்குள் ஒளிந்து கிடக்கும் பகுதி அது. வலிப்பு நோய்க்கான சத்திரசிகிச்சையின்போது ஐந்து பேரில் இன்சுலாவை மின்னால் தூண்டிப் பார்த்த ஆய்வு 1992 இல் வந்தது. இடப்பக்கத்தைத் தூண்டினால் நாடி தளர்வதும், வலப்பக்கத்தைத் தூண்டினால் விரைவதும் கூடுதலாகக் காணப்பட்டது. மூளையின் நடுக் குருதிக்குழாய் அடைபடும்போது இந்த மடிப்பும் சேர்ந்து சாகிறது. பாரிசவாதம் வந்த முதல் சில நாட்களில் மொனிற்றரில் புதிதாய் ஒழுங்கற்ற துடிப்பு தெரிந்தால், இதயம் மூளையைக் கெடுத்ததா, மூளை இதயத்தைக் கெடுத்ததா என்ற கேள்விக்கு எப்போதும் நேரான பதில் கிடைக்காது. வலம் இடம் என்று கறாராகப் பிரித்து எழுதும் பாடக்குறிப்புகளை நாங்கள் அரைவாசிக்குத்தான் நம்புவோம். நோயாளிகள் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

மூளையின் மேற்பரப்பில் குழாய் வெடித்துக் கசியும் சிலந்திப்படலக் கசிவு, இந்த வயறிங்கின் மிகக் கொடிய கூத்து. யாழ்ப்பாணத்தில் தலைவலியை நாங்கள் தலையிடி என்போம். இந்த ஒரு நோய்க்கு அந்தச் சொல் அச்சாய்ப் பொருந்தும். வலி மெல்ல ஏறாது, இடி மாதிரி ஒரே நொடியில் உச்சம். பிறகு சத்தி, கழுத்து விறைப்பு, சிலருக்கு மயக்கம். மயங்கி விழுந்தவரிடம் தலையிடி இருந்ததா என்று கேட்க முடியாது. ஈசிஜி எடுப்பார்கள். அதில் ரி அலைகள் குப்புறக் கவிழ்ந்து, அகன்று, ஆழமாய்த் தொங்கும். கியூ-ரி இடைவெளி, அதாவது இதயவறை மின்தூண்டல் பெற்று அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக எடுக்கும் நேரம், நீண்டிருக்கும். சிலரில் எஸ்-ரி கோடு மேலெழுந்தும் இருக்கும். 1940களின் பிற்பகுதியில் இருந்தே மருத்துவ ஏடுகளில் இருக்கும் விடயம் இது. என்றாலும் இரவு 2 மணிக்கு அந்தக் கடதாசியைப் பார்ப்பவருக்கு மாரடைப்பு என்றுதான் தோன்றும்.

மாரடைப்பு என்று நினைத்தால் அடுத்து அஸ்பிரின், குளோப்பிடோகிரெல், ஹெப்பரின். சில இடங்களில் 15 இலட்சம் அலகு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு மணித்தியாலத்தில். மூளையில் வெடித்திருக்கும் குழாய்க்கு மேல் குருதி உறையாத மருந்து. இதை விடக் கெட்ட தவறு இந்தத் துறையில் அதிகம் இல்லை.

தடுப்பது கடினம் இல்லை. நெஞ்சுவலி இல்லாமல், மயக்கத்தோடு அல்லது தலையிடியோடு வந்தவரின் ஈசிஜியில் மாற்றம் தெரிந்தால், கட்டி கரைக்கும் மருந்துக்கு முன் இரண்டு கேள்வி. விழுந்ததைக் கண்டவர் யார், விழ முந்திக் கடைசியாய் அவர் என்ன சொன்னார்? "ஐயோ தலை" என்றாரா, "நெஞ்சு" என்றாரா? அடுத்தது, கழுத்து மடிகிறதா? கழுத்து மடிந்தால் கசிவு இல்லை என்று ஆகாது, விறைப்பு வரச் சில மணித்தியாலம் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் சி.ரி. ஸ்கான் முதலில். ஈசிஜியிலேயே ஒரு குறிப்பும் இருக்கும். இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் முடியுருக் குழாய் ஒன்று அடைத்தால் மாற்றம் அந்தக் குழாய் ஊட்டும் பக்கத்தில் நிற்கும். மூளையில் இருந்து வந்தது அந்த எல்லையை மதிக்காது, எல்லாப் பக்கத்துக்கும் பரவி நிற்கும்.

அப்படியென்றால் இதயத்துக்கு உண்மையில் ஒன்றும் இல்லையா? உண்டு. கசிவு நடந்த கணத்தில் பரிவு நரம்பு முனைகள் நோரட்ரினலினை இதயத் தசைக்குள் நேரடியாகக் கொட்டுகின்றன. தசைக் கலத்துக்குள் கல்சியம் வெள்ளமாய்ப் பாய்ந்து, சுருங்கிய நார் விரிய முடியாமல் இறுகிக் கிடக்கும். விலங்குப் பரிசோதனைகளில் அதிரீனல் சுரப்பியை அகற்றினாலும் இந்தச் சேதம் வந்தது. இதயத்துக்குப் போகும் பரிவு நரம்பை வெட்டினால் வரவில்லை. ஆகவே குருதியில் மிதந்து வரும் அதிரீனலினை விட நரம்பு வழியே வருவதுதான் கூடுதலாகக் கெடுக்கிறது. இதயத் தசை கெட்டால் குருதியில் கசியும் ட்ரொபோனின் ஏறும், ஆனால் எக்கோ என்ற இதய ஸ்கானில் தெரியும் சேதத்தோடு ஒப்பிட்டால் அந்த ஏற்றம் சின்னது. இடது இதயவறை பாதி வேலைதான் செய்கிறது என்று எக்கோ காட்டும்போது, ட்ரொபோனின் அவ்வளவு உயரவில்லையே என்ற பொருத்தமின்மையே ஒரு துப்பு.

எக்கோவில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நுனி மட்டும் ஊதி அடிப்பகுதி இறுகினால் அது டக்கொற்சுபோ, யப்பானியர் கணவாய் வகையான சாக்குக்கணவாயைப் பிடிக்க வைக்கும் குடுவையின் பெயர். மாதவிடாய் நின்ற பெண்களிலேயே பெரும்பாலும் வரும், பெரும் துக்கத்துக்குப் பிறகும் வரும். சிலந்திப்படலக் கசிவில் அடிக்கடி இதற்கு எதிர்மாறு. நரம்பு முனைகள் செறிந்த அடிப்பகுதி சோர்ந்து, நுனி அடித்துக்கொண்டிருக்கும். எதுவானாலும் குழாய் அடைப்பு இல்லை, தசை செத்தும் போகவில்லை, மரத்துப் போயிருக்கிறது. பெரும்பாலானோரில் சில நாட்களில் இருந்து சில வாரங்களில் மீளும். அதுவரை நுரையீரலில் நீர் கோத்துவிடாமலும் அமுக்கம் விழாமலும் தாங்க வேண்டும். இங்கே ஒரு இடறல். சிலந்திப்படலக் கசிவுக்கு நிமோடிபின் 60 மில்லிகிராம் நாலு மணிக்கொருதரம் 21 நாள் வாயால் கொடுப்பார்கள். சோர்ந்த இதயத்தில் அந்த 60 அமுக்கத்தை விழுத்தினால் மருந்தை நிறுத்திவிடாமல் 30 மில்லிகிராமாய் இரண்டு மணிக்கொருதரம் பிரித்துக் கொடுக்கலாம்.

நீண்ட கியூ-ரி தனியாகப் பயப்பட வேண்டிய விடயம். கடதாசி செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும், ஒரு சின்னக் கட்டம் 0.04 செக்கன். கியூ-ரி 11 சின்னக் கட்டம் என்றால் 0.44 செக்கன். ஒரு துடிப்பில் இருந்து அடுத்த துடிப்புக்கு 20 கட்டம் என்றால் 0.8 செக்கன். 0.8 இன் வர்க்கமூலம் 0.894. 0.44 ஐ அதால் பிரித்தால் 0.492, அதாவது 492 மில்லிசெக்கன். ஆணுக்கு 450, பெண்ணுக்கு 460 வரை சாதாரணம், 500 ஐத் தாண்டினால் ஆபத்து. கைத்தொலைபேசியில் அரை நிமிட வேலை. நாடி மிக வேகமாக இருக்கும்போது இந்தக் கணக்கு உள்ளதை விடக் கூட்டிக் காட்டும், அப்போது வர்க்கமூலத்துக்குப் பதில் கனமூலத்தால் பிரியுங்கள். இயந்திரம் தானே அச்சிட்டுத் தரும் எண்ணை நம்பாதீர்கள். அகன்ற ரி அலையின் முடிவு எது, யு அலையின் தொடக்கம் எது என்று அதற்குப் பிடிபடாது.

ஏற்கெனவே நீண்டிருப்பதை இன்னும் நீட்டுபவர்கள் நாங்கள்தான். மனிற்றோல் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சிறுநீரோடு கொண்டு போகும். சத்திக்கு ஒண்டன்செற்றோன். குழப்படிக்கு ஹலோபெரிடோல். நெஞ்சுச் சளிக்கு எரித்திரோமைசின் அல்லது லீவோபுளொக்சசின். ஒவ்வொன்றும் தனியே நியாயமான மருந்து. நாலும் ஒரே ஆளில் சேரும்போது இதயவறை முறுக்கிச் சுழலும் துடிப்புக்குப் போய்விடும். பொட்டாசியத்தை லீற்றருக்கு 4 மில்லிமோலுக்கு மேலே வைத்திருங்கள். முறுக்குத் துடிப்பு வந்துவிட்டால் மக்னீசியம் சல்பேற்று 2 கிராம் நாளம் வழியே. ஆள் நாடியில்லாமல் போனால் மின்னதிர்ச்சி.

பினிற்றோயின் இன்னொரு கண்ணி. வலிப்பை நிறுத்தக் கிலோவுக்கு 20 மில்லிகிராம், 60 கிலோவுக்கு 1200. நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் விடக் கூடாது, ஆகவே குறைந்தது 24 நிமிடம். வயதானவருக்கும் இதய நோயாளிக்கும் 25 தான், 48 நிமிடம். அவசரத்தில் பத்து நிமிடத்தில் ஏற்றினால் நாடியும் அமுக்கமும் சேர்ந்து விழும், அதைப் பார்த்து "தலைக்குள் ஏதோ கூடிவிட்டது" என்று எல்லோரும் ஓடுவார்கள். குளுக்கோசுக் கரைசலில் கலந்தால் படிந்துபோகும், சாதாரண சேலைனில்தான்.

நாடி தளர்வது எல்லாம் மண்டைக்குள் அமுக்கம் அல்ல. வடக்கில் இதை மறக்க முடியாததற்குக் காரணம் பனை. தளைநார் வழுக்கிப் பனையால் விழுந்த ஒரு சீவல் தொழிலாளி வருகிறார். குருதியமுக்கம் 80/45, நாடி 48. தலையிலும் காயம். தலைக்காயம் வளர்ந்தவரில் தனியாக அமுக்கத்தை விழுத்தாது, சாகும் தறுவாயில் தவிர. ஆகவே 80 ஐப் பார்த்தவுடன் தலையை மறந்து வேறெங்கு குருதி போகிறது என்று தேட வேண்டும். நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்பு, தொடை, உச்சித்தோல். ஆனால் குருதி போனால் நாடி ஓட வேண்டும், கைகால் குளிர வேண்டும். இவருக்கு நாடி 48, கால் சுடுகிறது, தோல் காய்ந்திருக்கிறது. கழுத்தில் முண்ணாண் அறுபட்டிருக்கிறது. பரிவு நரம்பு இறங்கும் வழி அடைபட்டது. வேகஸ் முண்ணாணைத் தொடாமல் தலையில் இருந்து நேரே வருவதால் அது தப்பிவிட்டது. கடிவாளம் இருக்கிறது, சாட்டை இல்லை.

இவருக்குச் சேலைனை லீற்றர் லீற்றராய் ஏற்றினால் நுரையீரல்தான் நிறையும். முதலில் குருதிப்போக்கு இல்லை என்று வயிற்று ஸ்கானால் உறுதி செய்ய வேண்டும், பிறகு நோரட்ரினலின். சராசரி அமுக்கத்தை 85 முதல் 90 வரை முதல் வாரத்துக்குத் தாங்கிப் பிடிப்பது வழக்கம். தொண்டையில் சளி உறிஞ்சும்போது கவனம். குழாய் உள்ளே தொட்டவுடன் வேகஸ் தூண்டப்படும், எதிர்த்து இழுக்க ஆள் இல்லாததால் இதயம் நின்றே போகலாம். உறிஞ்ச முந்தி நூறு வீத ஒட்சிசன், ஒரு தடவைக்குப் பத்துச் செக்கனுக்கு மேல் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் சிறிஞ்சில் இழுத்து வைத்த அற்றோபின் 0.6 மில்லிகிராம். உறிஞ்சும் குழாயை எடுக்கும் கையை விட மொனிற்றரைப் பார்க்கும் கண் முக்கியம்.

இதற்கு நேர் எதிர்மாறு, சில நாளோ சில வாரமோ கழித்து வரும் பரிவுப் புயல். மோட்டார்சைக்கிள் விபத்தில் மூளையின் நரம்பிழைகள் பரவலாய் அறுந்த இளம் வயதினரில் கூடுதல். நாடி 140, மூச்சு 35, காய்ச்சல் 39 பாகை, வியர்வை படுக்கை விரிப்பை நனைக்கும், கைகால் விறைத்து முறுகும். அரை மணித்தியாலத்தில் அடங்கும், பிறகு திரும்பவும் வரும். இதைக் கிருமித்தொற்று என்று நினைத்து அன்ரிபயோட்டிக்கை மாற்றி மாற்றிப் போடுவது மிகப் பொதுவான பிழை. தொற்று இல்லை என்று பார்க்கத்தான் வேண்டும், கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் குருதி வளர்ப்புப் பரிசோதனையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தொற்றின் காய்ச்சல் வந்து வந்து அரை மணித்தியாலத்தில் போவதில்லை.

கட்டில் பக்கத்தில் இருக்கும் தாயார் இதில் வைத்தியரை விடக் கெட்டிக்காரி. "திருப்பிப் படுக்க வைச்சாத்தான் இப்பிடி வருது, மிஸ்ஸி" என்பார். அவரிடம் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து, நேரம், அதற்கு முந்தி என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதச் சொன்னால் இரண்டு நாளில் காரணம் தெரியும். சளி உறிஞ்சல், திருப்பிக் கிடத்தல், அடைபட்ட சிறுநீர்க் குழாய், மலச்சிக்கல், சில நேரம் கண்டுபிடிக்காமல் விட்ட எலும்பு முறிவு. சாதாரண ஆளுக்குச் சின்ன அலுப்பாய் இருப்பது, மேலிருந்து அடக்கும் இழை அறுந்தவருக்குப் புயல். தூண்டலை அகற்றுவதே முதல் மருந்து. பிறகு புரொப்பிரனலோல். கொழுப்பில் கரைவதால் மூளைக்குள்ளும் போகும், அதனால்தான் மற்ற வகைகளை விட இதை விரும்புவது. மூக்குக் குழாய் வழியே 20 முதல் 40 மில்லிகிராம் ஆறு அல்லது எட்டு மணிக்கொருதரம். தொய்வு உள்ளவருக்குக் கூடாது. கபாபென்ரின் அடியில் நிற்கும் தடுப்பு, மோர்பின் நடக்கும் புயலை அறுக்க. கலோரியை மறக்க வேண்டாம். ஒவ்வொரு புயலும் ஓட்டப்பந்தயம் ஓடியதற்குச் சமம், ஒரு மாதத்தில் எலும்பும் தோலுமாய்ப் போவார்.

கடைசியாக, மொனிற்றரில் யாரும் பார்க்காத ஒன்று. சுகமான ஆளின் நாடி ஒருபோதும் ஒரே எண்ணில் நிற்காது. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஏறும், விடும்போது இறங்கும். 68, 73, 70, 66. துடிப்புக்குத் துடிப்பு மாற்றக்கூடிய வேகம் வேகஸுக்கு மட்டும்தான் உண்டு என்று முன்பு சொன்னது இங்கே உதவும். மூச்சோடு ஆடும் இந்த அலைவு வேகஸின் கையெழுத்து. 1996 இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியலாளர்கள் இதற்கு அளவு முறைகளை வகுத்தார்கள். 0.15 முதல் 0.40 ஹேட்ஸ் வரையான வேக அலைவு வேகஸுக்கு, 0.04 முதல் 0.15 வரையான மெது அலைவு வேகஸும் பரிவும் கலந்தது. மூளைக் காயம் கடுமையாக, இந்த ஆட்டம் சுருங்கும். கணினி இல்லாத வார்ட்டிலும் பார்க்கலாம். சளி உறிஞ்சும்போதும் நாடி 96, 96, 96 என்று அசையாமல் நின்றால் அது அமைதி அல்ல. ஆனால் தூக்க மருந்து, பீற்றா தடுப்பு மருந்து, நெடுநாள் சீனி வருத்தம் மூன்றும் இதே தட்டையைத் தரும். அவற்றைக் கழிக்காமல் ஒன்றும் சொல்லக் கூடாது.

மூளைத்தண்டு நசிந்து இறங்கும்போது முதலில் ஒரு கடைசிப் புயல், மேல் அமுக்கம் 250 ஐத் தொடும். பிறகு பரிவும் போய் அமுக்கம் சரியும், சிறுநீர் தண்ணீராய் மணிக்கு 300 மில்லிலீற்றருக்கு மேல் போகும். நாடி 100 அளவில் வந்து நிற்கும். யாரும் தொடாத குடாச்சோணைக் கணுவின் சொந்த எண் அது. அற்றோபின் 2 மில்லிகிராம் ஏற்றினாலும் அந்த 100 அசையாது, அற்றோபின் அவிழ்ப்பதற்கு அங்கே கடிவாளம் இல்லை. இது மட்டும் வைத்து மூளைத்தண்டு மரணம் என்று எழுத முடியாது. கண்மணி, விழிவெண்படலம், இருமல் ஆகிய தெறிவினைகளும் மூச்சுப் பரிசோதனையும் தனியே செய்யப்பட வேண்டும். அதற்கு முன் உடல் வெப்பநிலை, சோடியம், கடைசியாய்ப் போன தூக்க மருந்தின் நேரம் மூன்றும் அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.